அக்காள் பெயரில் எடுத்த படம்

ரெனியின் கண்ணைப் பற்றிப் பேசாத நாள் அந்த வீட்டில் கிடையாது. கரமனையில் வீட்டு வாசலில் நின்றபடியே, ரோட்டு வளைவில் திரும்புகிற பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவாள். அப்பா அருமைநாயகம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஊசியில் நூல் கோர்ப்பதா, மருந்துச் சீட்டில் பொடி எழுத்தைப் படிப்பதா, எதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார். "கழுகுக் கண்ணாக்கும் பிள்ளைக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி, ரெனிக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. படிப்பில் சுமார், நிறத்தில் சுமார், பாட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடவுள் தனக்குக் கொடுத்த ஒரே உருப்படியான சாமான் அந்தக் கண்தான் என்று அவள் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

மூத்தவள் ஜெயஷீலா நேர்மாறு. பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற முகம், பி.எட். படிப்பு, ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவின் முதல் வரிசை. ஆனால் அந்த முகத்தின் நடுவே சோடாப் புட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டால் தட்டில் கிடப்பது அவியலா தோரனா என்று அவளுக்குத் தெரியாது. வருஷத்துக்கு வருஷம் பவர் ஏறிக்கொண்டே போனது. அம்மா ரத்னாபாய்க்கு ஒவ்வொரு முறை கண்ணாடி மாற்றும்போதும் பயம் ஒரு படி கூடும்.

காரணம் இருந்தது. அருமைநாயகத்தின் தங்கை தாசம்மாளுக்கு இளவயதிலேயே கண் கெட்டுப்போனது. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிற தோல் மெலிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பாக முன்னுக்குத் தள்ளுகிற நோய். கடைசியில் செத்துப்போன யாரோ ஒருவருடைய கண்ணிலிருந்து அந்தத் தோலை எடுத்துத் தைத்து வைத்தார்கள். சபையில் இது தெரியாதவர் கிடையாது. சபையில் எதுதான் தெரியாமல் இருக்கிறது?

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஜெயஷீலாவுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ஷாஜி, பள்ளிக்கூட வாத்தியார். நல்ல பையன், நல்ல குடும்பம். பையனின் அம்மா பொன்னம்மை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் மனம் நோகாமல் ஊசி ஏற்றத் தெரிந்தவள். காப்பியையும் கேக்கையும் முடித்து, பெண் பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, எழும்பப் போகிற நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"தப்பா எடுக்காண்டாம். தாசம்மாளுக்க தீனம் குடும்பத்துல வரலாம்னு சொல்லுவாங்க. ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் ஒரு கண்ணாஸ்பத்திரியில புதுசா மெஷின் வந்திருக்கு. கண்ணுக்க மேடு பள்ளம் எல்லாம் கலர்ப் படமா எடுத்துத் தரும். தீனம் வாறதுக்கு முந்தியே அதுல தெரிஞ்சிருமாம். ஜெயஷீலாவுக்க படம் ஒண்ணு எடுத்துக் காட்டுங்க. அது போரும். சபையில கல்யாண ஓலை வாசிக்கத் தேதி குறிச்சிருவோம்."

ரத்னாபாய் சிரித்த முகத்தோடு தலையாட்டி அவர்களை வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும் அடுக்களைக்குள் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெயஷீலாவைக் கொண்டுபோய் அந்த மெஷினில் உட்கார வைத்தால் என்ன வரும் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடி போட்டவளுக்கு நோய், போடாதவளுக்குச் சுகம். இதுதான் ரத்னாபாயின் வைத்திய சாஸ்திரம். அந்த வீட்டில் வேறு யாருக்கும் வேறு சாஸ்திரம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அருமைநாயகம் கடைக்குப் போன பிறகு ரத்னாபாய் இளையவளைக் கூப்பிட்டாள்.

"ரெனி, நாளைக்கு உனக்கு கிளாஸ் உண்டா?"

ரெனி அப்போது நர்சிங் கடைசி வருஷம். "என்னத்துக்கு?"

"ஒண்ணுமில்லே மக்கா. அக்காளுக்க பேருல நீ போயி அந்த மெஷினுக்க முன்னால கொஞ்ச நேரம் இருந்துட்டு வந்தாப் போரும். பேரும் வயசும்தான் கேப்பாங்க. உனக்குக் கழுகுக் கண்ணு. படம் தங்கம் மாதிரி வரும்."

ரெனி யோசிக்கவே இல்லை. உள்ளதைச் சொன்னால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அக்காளின் பழைய பாவாடையும் பழைய புத்தகமும் வாங்கி வளர்ந்தவள். அக்காளுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிந்தது. அன்று ராத்திரி ஜெயஷீலா பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து, "சாகற வரைக்கும் இதை மறக்க மாட்டேன் ரெனி" என்றாள். அந்த வாக்கைக் கேட்டு ரெனி கொஞ்சம் அழுதுகூட விட்டாள்.

ஆஸ்பத்திரியில் "ஜெயஷீலா" என்று கூப்பிட்டபோது ரெனி தன் பாட்டுக்குச் சுவரில் மாட்டியிருந்த கண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்னாபாய் தொடையில் கிள்ளியதும்தான் எழுந்தாள். இருட்டு அறை. ஆஸ்பத்திரி ஊழியன் சஜி மெஷினை இயக்கிக்கொண்டிருந்தான். தாடையை ஒரு கிண்ணத்தில் வைக்கச் சொன்னான். எதிரே வட்டத்துக்குள் வட்டமாக வெளிச்ச வளையங்கள், நடுவில் ஒரு புள்ளி.

"சேச்சி, நடுவில நோக்கணும். கண்ணு சிம்மாதே, இமைக்கப்படாது. அவ்வளவுதான், கழிஞ்ஞு."

வலியும் இல்லை, மருந்தும் இல்லை. திரையில் படம் வந்தது. நீலம், பச்சை, மஞ்சள் என்று ஓணத்துக்கு முற்றத்தில் போடுகிற பூக்களம் போல இருந்தது. கீழ்ப் பாதியில் மட்டும் சிவப்பாக ஒரு திட்டு. மற்ற கண்ணிலும் அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் சின்னதாக. நர்சிங் படிக்கிறவள்தான், ஆனால் அந்த மெஷினைப் பற்றி அவள் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. சிவப்பு அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் தாணுமாலயன் சுசீந்திரத்துக்காரர், தமிழ் பேசுகிறவர். அவர் படத்தைக் கையில் எடுத்ததும் ரத்னாபாய் முந்திக்கொண்டாள். "ரெனி... இல்ல, ஜெயா, நீ போயி ஒரு ஆட்டோ பிடிச்சு நிறுத்து மக்கா. நான் டாக்டர்ட்ட பேசிட்டு வாறேன்."

ஆட்டோக்காரன் முணுமுணுக்க ஆரம்பித்து வெகு நேரம் கழித்துத்தான் ரத்னாபாய் வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

"நல்லா இருக்கு. சுத்தமா இருக்காம்."

"பாத்தியா! என் கண்ணு ஒரு காரியத்துக்கு உதவிச்சு இல்லியா?"

ரத்னாபாய் ஆட்டோக்காரனிடம் கரமனைக்குப் போகச் சொன்னாள். வீடு வந்து சேருகிற வரைக்கும் ரெனியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளைக் கொஞ்சிப் பழக்கமில்லாதவள். அம்மாவுக்கு நம்மேல் இத்தனை பாசமா என்று ரெனிக்கு நெஞ்சு நிறைந்து போனது.

அடுத்த வாரம் அம்மாவும் அக்காளும் கல்யாணப் புடவை எடுக்க நாகர்கோவில் போனார்கள். ரெனியைக் கூப்பிடவில்லை. துணியில் இழை விட்டிருந்தால் கண்டுபிடிக்கிறவள் அவள்தான். அவளை விட்டுவிட்டு அந்த வீட்டில் யாரும் புடவை எடுத்ததே கிடையாது. கோபித்துக்கொண்டு ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தாள். பிறகு கல்யாண அமர்க்களத்தில் அதுவும் மறந்து போயிற்று. சபையில் ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது, ஜெயஷீலா நெய்யாற்றின்கரைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ரத்னாபாய்க்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. ரெனிக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஆகாது. கண் அரிக்கும், கசக்குவாள். அதுவரைக்கும் அதை யாரும் கண்டுகொண்டதில்லை. இப்போது கை கண்ணுக்குப் போனால் போதும், ரத்னாபாய் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்து தட்டிவிடுவாள். "கண்ணைக் கசக்காதே பிள்ளே!" நெய்யாற்றின்கரையிலிருந்து போன் செய்கிற ஜெயஷீலாவும் சாப்பிட்டாயா, டியூட்டி எப்போது என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கும் முன்பு கட்டாயம் சொல்வாள்: "கண்ணைக் கசக்காதே, கேட்டியா." கல்யாணமானதும் அக்காளுக்கும் அம்மாவின் வாய் வந்துவிட்டது என்று ரெனி ஆஸ்பத்திரித் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் அக்காளும் ஏன் என்று சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ரெனிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் கையில் நூலைப்போல ஓடுகிற நரம்பை முதல் குத்திலேயே பிடித்துவிடுவாள். மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதற்கும் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காளின் கல்யாணம் முடிந்து மூன்றாம் வருஷம் வாக்கில், ரெனியின் கண்ணுக்குக் கிழக்கேகோட்டையில் தெருவிளக்குகளுக்கு வால் முளைக்க ஆரம்பித்தது. நிலா ஒன்றுக்கு மூன்றாகத் தெரிந்தது. சாலைக் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் காட்டினாள், கண்ணாடி கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் அது போதவில்லை; வேறு கொடுத்தார்கள். அதுவும் நிற்கவில்லை. கூட வேலை பார்க்கிற சுஜா, "ஒரு நல்ல கண் டாக்டரைப் பாரேன், சேச்சி" என்று எத்தனையோ தடவை சொன்னாள். தாசம்மாள் அத்தையின் ஞாபகம் ரெனிக்கு வராமல் இல்லை. ஆனால் வந்த வேகத்திலேயே போய்விடும். "அதெல்லாம் மெஷின்ல வச்சுப் பாத்தாச்சு. என் கண்ணு சுத்தம். ராத்திரி டியூட்டி பாத்து வந்த கேடு இது" என்பாள். அவளைத் தடுத்து நிறுத்தியது சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. அந்தப் படத்தின் மேலிருந்த நம்பிக்கைதான்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு நாள் காலை, காய்ச்சலில் துவண்ட ஒரு குழந்தைக்கு ஊசி ஏற்றப் போனாள். நரம்பு ஒன்றுக்கு இரண்டாக ஓடியது. குத்தினாள், தப்பியது. மறுபடியும் குத்தினாள், தப்பியது. மூன்றாம் தடவை குழந்தையின் தாய் அவள் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, "உனக்குக் கண்ணு காணாதா?" என்று மலையாளத்தில் கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. சுஜா வந்து ஊசியை வாங்கிக்கொண்டாள். மேட்ரன் அதிகம் பேசவில்லை. கண்ணைக் காட்டிவிட்டு வா, அதுவரைக்கும் ஊசி பிடிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அதே கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போனாள். இந்தத் தடவை தன் பெயரைக் கொடுத்தாள். மெஷின்காரன் சஜிக்கு மீசை தடித்து வயிறு விழுந்திருந்தது, மெஷினும் புதிது. படம் வந்தபோது, ஒவ்வொரு படத்துக்கும் பாட்டு முணுமுணுக்கிற அவன் முணுமுணுப்பை நிறுத்திவிட்டான். வலது கண் படத்தில் பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சிவப்பு.

டாக்டர் தாணுமாலயன் வெகு நேரம் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தே? இதுக்கு முந்தி இந்த மேப் படம் எடுத்தது உண்டா?"

"ஆறு வருஷம் முந்தி எடுத்தேன் டாக்டர். இஞ்ச வச்சுத்தான். சுத்தமா இருந்துது."

"இங்கேயா? ரெனிங்கிற பேருல பழைய படம் ஒண்ணும் இல்லியே."

ரெனி தலையைக் குனிந்துகொண்டாள். "ஜெயஷீலான்னு பாருங்க. அது எங்க அக்கா. அவ பேருல நான்தான் வந்தேன்."

பழைய கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார்கள். அதே பூக்களம். அதே சிவப்புத் திட்டு. டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். சிவப்பு எங்கே ஆரம்பித்தது, எப்படிப் பரவியது என்று ஒரு குழந்தைக்கும் புரியும்.

"இது சுத்தம்னு உனக்கு யார் சொன்னா?"

"அம்மா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ரெண்டு கண்ணுலயும் ஆரம்பம்னு அன்னைக்கே உங்க அம்மாகிட்ட சொன்னேன். பார்வை நல்லாத்தான் இருக்கும், அதை நம்பாதீங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டு வாங்கன்னு சொன்னேன். கண்ணைக் கசக்கவே விடாதீங்க, கசக்கினா சீக்கிரம் கூம்பும்னு சொன்னேன். அவங்க அழுதாங்க. எனக்கு நல்ல ஞாபகம் இருக்கு, ஏன்னா கல்யாணப் பொண்ணாச்சேன்னு எனக்கும் கஷ்டமா இருந்துது."

ரெனிக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது. கண்ணைக் கசக்காதே. கண்ணைக் கசக்காதே, கேட்டியா.

டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். இப்போது ஒரு வைத்தியம் வந்திருக்கிறது. மருந்து ஊற்றி வெளிச்சம் காட்டித் தோலை இறுக்குவார்கள். நோய் அதோடு நிற்கும். இடது கண்ணை அப்படி நிறுத்திப் பார்க்கலாம். வலது கண்ணில் தோல் அதற்கும் தாங்காத அளவுக்கு மெலிந்துவிட்டது. போன வருஷம் வந்திருந்தால்கூட... என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வலதுக்கு இனி தாசம்மாளுக்குச் செய்ததுதான். குழந்தைகளுக்கு ஊசி ஏற்றுகிற வேலைக்குத் திரும்ப முடியுமா என்று ரெனி கேட்டதற்கு, "முதல்ல கண்ணைப் பார்ப்போம்மா" என்றார்.

ரெனி வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெயஷீலா வந்திருந்தாள். நடு அறையில் அவளுடைய நாலு வயது மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. ரத்னாபாயும் ஜெயஷீலாவும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். ரெனி செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு படங்களையும் கீரைமேல் போட்டாள்.

ரத்னாபாயிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, சுத்தம்னு சொன்னியே."

"மக்கா..."

"என் கண்ணுதானே அது? உன் பிள்ளைக்க கண்ணுதானே?"

"நான் என்ன செய்வேன், சொல்லு!" ரத்னாபாய் வெடித்தாள். "அக்காளுக்குத்தான் தீனம் இருக்கும்னு பயந்து உன்னைக் கொண்டு போனேன். கடைசியில உனக்கு இருக்குன்னு அவரு சொல்லுகாரு. அதை வெளியே சொன்னா ஆளை மாத்தினது தெரிஞ்சு போவும். அவளுக்க கல்யாணம் முறிஞ்சு போவும். அவளுக்குக் கல்யாணம் கழியட்டும், பொறவு உனக்கும் ஒண்ணு கழியட்டும், அதுக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். தீனம்னு தெரிஞ்சா உன்னை எவன் கெட்டுவான்?"

ரெனி அக்காளின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

ஜெயஷீலா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாகர்கோவில்ல புடவை எடுக்கப் போனோம்னு சொன்னீங்களே, அன்னைக்கா?"

"அங்க ஒரு ஆஸ்பத்திரியில என் பேருல நானே எடுத்தேன். சுத்தமா இருந்துது. அதைத்தான் மாமிட்ட காட்டினோம்."

அப்படியென்றால் ரெனியை அழைத்துப் போயிருக்கவே தேவையில்லை. சோடாப் புட்டிக்கு ஒன்றும் இல்லை. கழுகுக் கண்ணுக்குத்தான் எல்லாம். ரெனிக்கு அது சிரிப்பாக வந்தது. சிரிப்பு வெளியே வரும்போது அழுகையாகிவிட்டது.

"அதுதான் போன்ல சொல்லிக்கிட்டே இருந்தேனே ரெனி," என்றாள் ஜெயஷீலா தாழ்ந்த குரலில். "ஒவ்வொரு தடவையும் சொன்னேன் இல்லியா, கண்ணைக் கசக்காதேன்னு."

"ஏன்னு சொன்னியா?"

ஜெயஷீலா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"தூசியில நிக்காதேன்னு சொன்ன மாதிரி சொன்னே. நான் சிரிச்சேன். ஆஸ்பத்திரியில எல்லாருட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். கண்ணு மங்கினப்பக்கூட எனக்கு ஒண்ணும் இல்லேன்னுதானே இருந்தேன். நீங்க சொன்ன அந்தச் சுத்தத்தை நம்பித்தானே இருந்தேன்!" அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் பொன்னம்மை மாமியைப் பாக்கப் போறேன்."

அதைச் சும்மாதான் சொன்னாள். போவதாக ஒன்றும் அவளுக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் ஜெயஷீலா கீரையைத் தட்டிவிட்டு எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் ரெனி. உன் காலைப் பிடிக்கேன். மாமிக்குத் தெரியாண்டாம். அவருக்கும் தெரியாது. எனக்கு ஒரு பிள்ளை இருக்கு."

ரெனி அக்காளையே பார்த்தாள். கண் எப்படி இருக்கிறது என்று இன்னும் இருவரும் கேட்கவில்லை. வலது கண்ணா, இடது கண்ணா, ஆபரேஷனா, வேலை என்னவாகும், எதுவும் கேட்கவில்லை. இன்றைக்கு மறுபடியும் அதே படத்தோடு அதே டாக்டர் வந்து நின்றாலும் இவர்கள் அதையேதான் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கையை உருவிக்கொண்டாள்.

சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து, தூக்கம் கலையாத முகத்தோடு இரண்டு கையையும் முஷ்டி பிடித்துக் கண்ணைக் கசக்க ஆரம்பித்தது. ஜெயஷீலா ஒரே எட்டில் போய் அதை வாரி எடுத்து மடியில் போட்டாள். தட்டவில்லை, அதட்டவில்லை. அந்தச் சின்னக் கைகளைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"கசக்காதே மக்கா. கசக்கினா கண்ணு மெலிஞ்சு கூம்பிப் போவும். பொறவு உனக்கு அம்மாவைக் காணவே முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மெல்ல நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். ரத்னாபாய் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ரெனி கீரைமேல் கிடந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

"இந்த ஒரு வாக்குதான் அக்கா," என்றாள். "இதை எனக்குச் சொல்லியிருந்தாப் போருமே."